குறியீடு: சின்னதும் அல்ல, சின்னமும் அல்ல

கிருஷ்ணகிரிப் பக்கத்து ஓவிய ஆசிரியர் ஒருவர், ‘சிம்பாலிக் ஆர்ட்’ என்பதைத் தம் கண்காட்சி அழைப்பிதழில் ‘சின்னக் கலை’ என்று அச்சடித்துவிட்டார். “எல்லாம் சிறிய படங்களா?” என்று என் வீட்டில் கேட்டார்கள். அவர் வரைந்தவையோ ஆளுயரப் படங்கள். போதாக்குறைக்கு, சின்னம் என்றதும் நமக்கு வாக்குச்சாவடிதான் நினைவுக்கு வரும். அது வடசொல் வழி வந்தது. கட்சிக்கும் கம்பெனிக்கும் போதும்.

ஓவியத்துக்கு உரிய சொல் குறியீடு. கெடு, கேடு ஆவதுபோல் இடு, ஈடு ஆனது. குறியை இடுதல் குறியீடு. குறி என்பது பழைய, ஆழமான சொல். மாட்டுக்கு இடும் அடையாளமும் குறி, கோடங்கி சொல்வதும் குறி. சங்கக் காதலர் இரவில் சந்திக்கும் இடம் இரவுக்குறி. ஈடு என்றால் அடமானமும்கூட. ‘சிம்பல்’ பிறந்த கிரேக்கச் சொல்லும் இதற்கு அக்கம்பக்கம்தான்: ஒரு பொருளை இரண்டாக உடைத்து ஆளுக்குப் பாதி வைத்துக்கொண்டு, பின்னாளில் பொருத்திப் பார்த்து உறவை உறுதிசெய்யும் அடையாளத் துண்டு. 1886இல் பாரிஸில் கவிஞர் ழான் மொரெயாஸ் அறிக்கை வெளியிட்டுப் பெயர் சூட்டிய கலை இலக்கிய இயக்கத்தைக் குறியீட்டியம் என்கிறோம்.

உருவகத்தோடு இதைக் குழப்புகிறவர்கள் உண்டு. ‘வாழ்க்கைப் படகு’ என்றால் உருவகம். இரண்டு பொருளும் வெளியே தெரிகின்றன. படகை மட்டும் வரைந்துவிட்டு மற்றதைச் சொல்லாமல் விட்டால் குறியீடு. படிமம் வேறு: அது மனக்கண்ணில் தெரியும் காட்சி, எதற்கும் பதிலாக நிற்க வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை.

ஆசிரியரின் பெரிய படத்தில் ஒரு துறட்டி மட்டும் மண்ணில் நட்டு நிற்கிறது, முன்னால் ஓர் அகல். துறட்டியால் மாங்காய் பறித்தே பிள்ளைகளை வளர்த்த அவருடைய அப்பா போன வருடம் இறந்தார். அப்பாவின் முகத்தை வரைய வரவில்லை என்றார் அவர். வந்திருந்தால் அது உருவப்படம், அவ்வளவுதான்.

அந்தத் துறட்டி எனக்கு நடுகல்லாகவே பட்டது. இந்த வட்டாரத்தில் நடுகற்களை வேடியப்பன் என்று கும்பிடுகிறோம். இறந்த வீரன் குலசாமி ஆகிவிடுகிறான். தகடூர், அதாவது இன்றைய தருமபுரி, அதியமான் நெடுமான் அஞ்சியின் ஊர். அவன் மறைந்தபோது ஔவை பாடிய புறநானூற்று 232ஆம் பாட்டில், மயில் பீலி சூட்டிய நடுகல்லுக்குச் சிறு கலத்தில் கள் வார்க்கிறார்கள். நாட்டையே கொடுத்தாலும் கொள்ளாதவன் இதைக் கொள்வானோ என்று கேட்கிறாள். அவள் துக்கம் முழுவதும் அந்தச் சிறு கலத்தில் இருக்கிறது. சொந்தத் துயரமும் வழிபாடும் ஒரு பொருளில் கூடுவதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

ஆசிரியரிடம் ‘குறியீட்டு ஓவியம்’ என்று எழுதச் சொன்னேன். அழைப்பிதழ்கள் முக்கால்வாசி போய்விட்டிருந்தன. மீதியைப் பேனாவால் திருத்தினோம்.