பி.எம்.பி. வாங்கப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்

ப்ராஜெக்ட் மேனேஜர் பதவி ஒன்றுக்கு வந்த விண்ணப்பங்களைப் போன வாரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு பேருடைய ரெஸ்யூமேயில் "நான் தலைமையேற்ற திட்டம்" என்ற பத்தி வரிக்கு வரி ஒன்றாக இருந்தது. எழுத்துப்பிழைகூட ஒரே இடத்தில்தான். இருவரும் வேறு வேறு நிறுவனம், வேறு வேறு துறை. இருவர் பெயருக்குப் பின்னாலும் பி.எம்.பி. என்ற திட்ட மேலாண்மைச் சான்றிதழின் பெயரைப் போட்டிருந்தது. "அனுபவப் பகுதியை நாங்களே எழுதித் தருகிறோம்" என்று சொல்லிப் பணம் வாங்கும் ஆட்களின் கைவண்ணம் என்பது பார்த்ததுமே தெரிந்தது. முதல் தடவை என்றால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். இப்போதெல்லாம் எரிச்சல்தான் வருகிறது.

சான்றிதழே வீண் என்று சொல்ல வரவில்லை. அது தரும் பலன்கள் நிஜமானவை. திட்ட மேலாண்மைக்கான பி.எம்.ஐ. அமைப்பு 1969-இல் தொடங்கியது, பி.எம்.பி. தேர்வு 1984-இல் வந்தது. இத்தனை வருடம் நின்ற பெயர் என்பதால் எச்.ஆர். முதல் சல்லடை போடும்போது உங்கள் ரெஸ்யூமே கீழே விழாமல் இருக்க அது உதவும். துறை மாறுகிறவர்களுக்கு இன்னும் பயன். கட்டுமானத்திலிருந்து மென்பொருளுக்கோ மருந்துத் துறைக்கோ போனாலும் ஸ்கோப் (வேலையின் எல்லை), பேஸ்லைன் (ஒப்புக்கொண்ட மூலத் திட்டம்), ரிஸ்க் ரெஜிஸ்டர் (ஆபத்துகளின் பட்டியல்) எல்லாம் அதே அர்த்தத்தில்தான் புழங்கும். பலருக்குத் தெரியாத இன்னொன்றும் உண்டு. சில வாடிக்கையாளர்கள் டெண்டரிலேயே "சான்றிதழ் பெற்ற மேலாளர் வேண்டும்" என்று நிபந்தனை போடுவார்கள். அப்போது நிறுவனத்துக்கே உங்கள் சான்றிதழ் தேவைப்படுகிறது. சம்பளம் பேச அதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

சரி, இப்போது என்னை அதிகம் படுத்துகிற நம்பிக்கைக்கு வருகிறேன். "சான்றிதழ் வாங்கினால் ப்ராஜெக்ட் மேனேஜர் ஆகிவிடலாம்." ஆக முடியாது. வரிசையே தலைகீழ். பி.எம்.பி. என்பது ஏற்கெனவே திட்டங்களை நடத்தியவருக்கு, "ஆமாம், இவர் நடத்தியவர்தான், அடிப்படைகளும் தெரிந்தவர்" என்று தரும் அத்தாட்சி. அதனால்தான் நான்கு வருடப் பட்டம் உள்ளவரிடம் 36 மாத அனுபவமும், பள்ளிப் படிப்போடு நின்றவரிடம் 60 மாத அனுபவமும் கேட்கிறார்கள். அந்த அனுபவம் திட்டத்தை வழிநடத்திய அனுபவமாக இருக்க வேண்டும். குழுவில் ஒருவராக உட்கார்ந்திருந்தது கணக்கில் வராது. தினமும் ஒரே மாதிரி நடக்கும் நிர்வாக வேலையும் வராது. ஒரே மாதத்தில் மூன்று திட்டங்களை இழுத்துக்கொண்டு ஓடியிருந்தாலும் அது ஒரு மாதம்தான். இவ்வளவு தெளிவாக எழுதி வைத்திருக்கிறார்கள். அப்புறமும், "சார், படிப்பு முடித்து ஒரு வருடம் ஆகிறது, பி.எம்.பி. எழுதலாமா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

எழுத முடியாது தம்பி. உங்களுக்கென்று சி.ஏ.பி.எம். என்ற பி.எம்.ஐ.யின் தொடக்கநிலைச் சான்றிதழ் இருக்கிறது. 23 மணி நேரப் பயிற்சி போதும், அனுபவம் கேட்க மாட்டார்கள். பிரின்ஸ்2 பவுண்டேஷன் தேர்வுக்கும் முன் அனுபவம் வேண்டாம். பிரிட்டனில் பிறந்த திட்ட மேலாண்மை முறை அது, நீங்கள் குறிவைக்கும் இடத்தில் அதற்கு மதிப்பு இருந்தால் தாராளமாக எழுதுங்கள். வேலையைச் சில வாரத் துண்டுகளாகப் பிரித்துச் செய்யும் ஸ்க்ரம் முறையில் இயங்கும் குழு என்றால் அதற்கான சான்றிதழ்கள் தனி. நீங்கள் போக விரும்பும் பதவிக்கான வேலை அறிவிப்புகள் பத்தைப் படித்துப் பாருங்கள். எந்தப் பெயர் திரும்பத் திரும்ப வருகிறதோ அதை எழுதுங்கள். பக்கத்து சீட்டுக்காரர் எழுதியதையே நீங்களும் எழுத வேண்டியதில்லை.

பொய் அனுபவத்தோடு உள்ளே வருகிறவர் எங்கே மாட்டுவார் தெரியுமா? இன்டர்வியூவில் நான் வழக்கமாக ஒரு கேள்வி கேட்பேன். "திட்டத்தின் சி.பி.ஐ., அதாவது செலவுத் திறன் குறியீடு, 0.8 என்று வந்திருக்கிறது. திட்டத்துக்குப் பணம் ஒதுக்கிய ஸ்பான்சரிடம் என்ன சொல்வீர்கள்?" மனப்பாடம் செய்தவர், ஈட்டிய மதிப்பை (முடிந்த வேலைக்குத் திட்டமிட்டிருந்த தொகையை) உண்மைச் செலவால் வகுத்தால் வருவது சி.பி.ஐ. என்று சூத்திரத்தை ஒப்பிப்பார். நடத்தியவர் வேறு மாதிரி பேசுவார். "ஒரு ரூபாய் செலவழித்து எண்பது காசு வேலைதான் நடந்திருக்கிறது. இதே போக்கில் போனால் நூறு லட்சத்தில் முடிய வேண்டியது 125 லட்சத்தில் போய் நிற்கும். எந்த வேலையைக் குறைக்கலாம், எதைத் தள்ளிப் போடலாம் என்று இப்போதே முடிவெடுக்க வேண்டும்" என்பார். முதலாமவரின் சான்றிதழ் அவரை என் மேசைவரை கொண்டுவந்தது, அதோடு சரி.

இதற்கு நேர் எதிரான ஆட்களும் உண்டு. அவர்களைப் பார்த்தால்தான் எனக்கு உண்மையில் வருத்தம். மருத்துவமனையின் ஒரு பிரிவையே புதுக் கட்டடத்துக்கு மாற்றிய நிர்வாகி, தொழிற்சாலையில் புது இயந்திர வரிசையை நிறுவி ஓடவிட்ட பொறியாளர் போன்றவர்கள். "என் பதவிப் பெயர் ப்ராஜெக்ட் மேனேஜர் இல்லையே" என்று ஒதுங்கி நிற்கிறார்கள். பதவிப் பெயரை யாரும் கேட்கவில்லை. தொடக்கமும் முடிவும் உள்ள ஒரு வேலையை, ஆட்களையும் பணத்தையும் நேரத்தையும் வைத்து நீங்கள் வழிநடத்தினீர்களா என்பதே கேள்வி. தயவுசெய்து பழைய மின்னஞ்சல்களைத் தோண்டி, எந்தத் திட்டம், எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை, குறிக்கோள் என்ன, உங்கள் பங்கு என்ன, முடிவு என்ன என்று எழுதிப் பாருங்கள். தகுதி இருப்பது உங்களுக்கே தெரியவரும். அந்தக் குறிப்பு நாளைக்கு இன்டர்வியூவிலும் சம்பளப் பேச்சிலும் கைகொடுக்கும்.

விண்ணப்பிக்கும் முன் சிலவற்றைக் கவனியுங்கள். பி.எம்.ஐ. சில விண்ணப்பங்களைத் தணிக்கைக்கு எடுக்கும். அப்போது நீங்கள் எழுதிய அனுபவத்தை அந்தத் திட்டத்தை அறிந்த மேலாளரோ வாடிக்கையாளரோ உறுதி செய்ய வேண்டும். ஆகவே அவர்களிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். பி.எம்.பி.க்குக் கேட்கும் 35 மணி நேரப் பயிற்சிக்கான சான்றைப் பத்திரமாக வையுங்கள். "நூறு சதவீதம் தேர்ச்சி உத்தரவாதம்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். தேர்வில் வந்த கேள்விகள் இவை என்று கோப்பு விற்பவரிடமும் வாங்காதீர்கள். அது நேர்மைக் குற்றம், பிடிபட்டால் சான்றிதழே போகும். யாரோ கொடுத்த பழைய புத்தகத்தை வைத்தும் படிக்காதீர்கள். 2021 ஜனவரியில் தேர்வின் கட்டமைப்பையே மாற்றி, மனிதர்கள், செயல்முறை, வணிகச் சூழல் என்று மூன்று பிரிவாக்கினார்கள். சிறு சிறு கட்டங்களாக வேலை செய்து வழியிலேயே மாற்றிக்கொள்ளும் அஜைல் முறையும் நிறைய வந்துவிட்டது. இந்த மாற்றங்கள் அவ்வப்போது வரும். எனவே பணம் கட்டுவதற்கு முன் பி.எம்.ஐ. தளத்தில் இருக்கும் நடப்புக் கையேட்டை நீங்களே படியுங்கள்.

தேர்ச்சி பெற்றதும் ஃபிரேம் போட்டு மாட்டிவிட்டு மறந்துவிடாதீர்கள். மூன்று வருடத்துக்கு ஒருமுறை 60 பி.டி.யூ. (தொடர்ந்து கற்றதற்கான புள்ளிகள்) காட்டிப் புதுப்பிக்க வேண்டும். தவறினால் ஒரு வருடம் இடைநிறுத்தம். அந்தக் காலத்தில் பெயருக்குப் பின்னால் பி.எம்.பி. என்று போடக்கூடாது. அந்த வருடமும் போனால் முதலிலிருந்து விண்ணப்பித்துத் தேர்வை மறுபடி எழுத வேண்டியதுதான்.