ஒரே பணம், மூன்று விதம்: கென்யாவின் அடிப்படை வருமானச் சோதனை

"சும்மா காசு கொடுத்தால் எவன் வேலைக்குப் போவான்?" அனைவருக்கும் அடிப்படை வருமானம் என்று பேச்செடுத்தாலே முதலில் வந்து விழும் கேள்வி இது. அடுத்தது, "அத்தனையும் டாஸ்மாக்குக்குத்தான் போகும்." இரண்டையும் டீக்கடையில் உட்கார்ந்து மணிக்கணக்காகப் பேசலாம். ஆனால் இரண்டுமே அளந்து பார்க்கக்கூடிய விஷயங்கள். அளந்தும் பார்த்திருக்கிறார்கள். அந்த அளவீட்டில், யாரும் பெரிதாக எதிர்பார்க்காத வேறொன்று தலைகாட்டியது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் எது அடிப்படை வருமானம் என்று தெளிவாக்கிக்கொள்வோம். பணமாக வர வேண்டும். அரிசியாகவோ வேட்டி சேலையாகவோ அல்ல. மாதாமாதம் தொடர்ந்து வர வேண்டும். குடும்பத்துக்கு என்று இல்லாமல் தனி ஆளுக்கு வர வேண்டும். ஏழையா பணக்காரரா, வேலை தேடினாரா இல்லையா என்று யாரும் கேட்கக் கூடாது. தமிழ்நாட்டில் 2023 செப்டம்பரில் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகை இதற்கு அருகில் வந்தாலும் இந்த வரையறைக்குள் வராது. வருமான வரம்பு, நில வரம்பு என்று அதற்குத் தகுதி விதிகள் இருக்கின்றன.

சரி, கென்யாவுக்கு வருவோம். கிவ்டைரக்ட்லி என்ற தொண்டு நிறுவனம் அங்கே 295 கிராமங்களை எடுத்துக்கொண்டது. ஆய்வை வடிவமைத்தவர்களில் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும், பொருளாதார அறிஞர்கள் தவ்நீத் சூரி, பால் நீஹாஸ் ஆகியோரும் உண்டு. குலுக்கல் முறையில் கிராமங்களை நான்காகப் பிரித்தார்கள். 44 கிராமங்களில் 18 வயதைக் கடந்த ஒவ்வொருவருக்கும் மாதம் சுமார் 22.50 டாலர், 12 ஆண்டுகளுக்கு. 80 கிராமங்களில் அதே மாதத் தொகை, ஆனால் 2 ஆண்டுகளோடு சரி. 71 கிராமங்களில் அந்த 2 ஆண்டுத் தொகைக்கு ஈடாக 500 டாலரை மொத்தமாகக் கையில் கொடுத்தார்கள். மீதி 100 கிராமங்களுக்கு எதுவும் இல்லை. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அவை. பணம் போய்ச் சேர்ந்தது எம்-பெசா என்ற கைப்பேசிப் பணப்பை வழியாக. குறுஞ்செய்தி வந்தால் பணம் வந்துவிட்டது என்று அர்த்தம். நடுவில் கையெழுத்து வாங்க ஓர் அலுவலர் இல்லை.

தனி ஆட்களைக் குலுக்கித் தேர்ந்தெடுக்காமல் ஊர் ஊராக ஏன் குலுக்கினார்கள்? பக்கத்து வீட்டுக்குப் பணம் வந்தால் இந்த வீட்டுக்காரர் கைமாற்று கேட்பார். அப்புறம் யாருக்குப் பணம் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்ற கோடே அழிந்துபோகும். விலைவாசி ஏறுகிறதா என்று பார்ப்பதற்கும் ஊர் முழுக்கப் பணம் புழங்கியாக வேண்டும். ஒரு வீட்டுக்கு மட்டும் பணம் கொடுத்து சந்தை விலையை அளக்க முடியாது.

இடையில் ஒன்று சொல்ல வேண்டும். இலவசப் பணம் என்றால் எல்லாரும் ஓடி வந்து வாங்குவார்கள் என்று நினைக்கிறோம். அதே நிறுவனம் அதே நாட்டின் ஹோமா பே பகுதியில் பணம் கொடுக்கப் போனபோது, தகுதி இருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் வேண்டாம் என்றுவிட்டார்கள். யாரோ முன்பின் தெரியாதவர் காரணமே இல்லாமல் பணம் தருகிறார் என்றால் அதில் ஏதோ சாத்தான் வேலை இருக்கிறது என்ற வதந்தி பரவியிருந்தது. நம் ஊரிலும் ஒருவர் திடீரென்று வந்து பணம் நீட்டினால் முதலில் சந்தேகம்தானே வரும்.

முதல் 2 ஆண்டுக் கணக்கை ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்டார்கள். மக்கள் உழைத்த மொத்த நேரம் குறையவில்லை. ஆனால் உழைப்பு இடம் மாறியிருந்தது: அடுத்தவர் வயலில் கூலிக்குப் போவது குறைந்து, சொந்தமாகச் சின்னக் கடை, வியாபாரம் என்று திரும்பியிருந்தார்கள். குடித்தே அழிப்பார்கள் என்ற பயமும் பொய்யானது. இது கென்யாவோடு நிற்கிற முடிவும் அல்ல. உலக வங்கியின் டேவிட் எவான்ஸும் அன்னா போபோவாவும் பல நாடுகளில் நடந்த 19 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, கையில் பணம் கொடுப்பதால் மது, புகையிலைச் செலவு கூடுவதற்கு ஆதாரம் இல்லை என்று 2014இலேயே எழுதிவிட்டார்கள்.

சுவாரசியமான இடம் இதற்கு அப்புறம் வருகிறது. 12 ஆண்டு ஊரையும் 2 ஆண்டு ஊரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கணக்கெடுத்த நாள்வரை இரண்டு ஊர்க்காரர்களின் கைக்கும் வந்த பணம் ஏறக்குறைய ஒரே அளவுதான். அதே தொகை, அதே கைப்பேசி. ஆனால் 12 ஆண்டு ஊரில் புதுத் தொழில்களும் அவற்றின் வருமானமும் கணிசமாகக் கூடியிருந்தன; 2 ஆண்டு ஊரில் அந்த அளவுக்கு இல்லை. மொத்தமாக 500 டாலர் வாங்கிய ஊர் 12 ஆண்டு ஊரைப் போலவே நடந்துகொண்டது.

மொத்தப் பணம் தொழிலாவது புரிகிறது. மாடு வாங்கவோ கடைக்குச் சரக்குப் போடவோ ஒரே நேரத்தில் கொஞ்சம் கனமான தொகை வேண்டும். மாதம் 22 டாலராக வருவதைச் சேர்த்து வைப்பதற்குள் பிள்ளைக்குக் காய்ச்சல் வரும், பள்ளிக் கட்டணம் வரும், மச்சான் வந்து நிற்பார். அப்படியானால் 12 ஆண்டு ஊர்க்காரர்களுக்கு மட்டும் அது எப்படிச் சாத்தியமானது? அவர்கள் சீட்டுப் போட்டார்கள். ஆமாம், நம் ஊர்க் குலுக்கல் சீட்டேதான். கென்யாவில் அதை 'சாமா' என்பார்கள். பத்துப் பேர் மாதாமாதம் பணம் போட, முறைவைத்து ஒருவர் மொத்தமாக எடுத்துக்கொள்வது. இந்த ஏற்பாட்டின் உயிர் எதிர்கால வருமானத்தில் இருக்கிறது. முதலில் சீட்டு எடுத்தவர் மீதி மாதங்களும் கட்டுவார் என்று மற்ற ஒன்பது பேரும் நம்ப வேண்டும். 12 ஆண்டுக்குப் பணம் வரும் என்று ஊருக்கே தெரிந்தால் அந்த நம்பிக்கை சுலபம். 2 ஆண்டில் நின்றுவிடும் என்று தெரிந்தால், முடிகிற நாள் நெருங்க நெருங்கக் கை நடுங்கும். இன்னொன்றும் உண்டு: போட்ட கடை படுத்துவிட்டால் அடுத்த மாதம் சாப்பாட்டுக்கு என்ன வழி என்ற பயம் 12 ஆண்டு ஊரில் குறைவு. ஆக, தொகையைவிட அது தொடர்ந்து வரும் என்ற வாக்குறுதிதான் அங்கே வேலை செய்திருக்கிறது.

விலைவாசிக் கேள்வியை வேறொரு ஆய்வு பார்த்தது. அதே கென்யாவின் சியாயா பகுதியில் 10,500 குடும்பங்களுக்குத் தலா சுமார் 1,000 டாலர் கொடுத்து, 653 கிராமங்களில் விளைவை அளந்தார்கள். அந்த வட்டாரப் பொருளாதாரத்தோடு ஒப்பிட்டால் கொட்டிய பணம் மிகப் பெரியது. விலை ஏறியதோ சராசரியாக 0.1% அளவுதான். கொடுத்த ஒவ்வொரு டாலரும் ஊருக்குள் சுற்றி ஏறக்குறைய இரண்டரை டாலருக்கான பொருளாதார நடவடிக்கையை உண்டாக்கியது. ஒரு மாவு மில்லை நினைத்துக்கொண்டால் காரணம் விளங்கும். மில்லும் இருக்கிறது, மில்காரரும் நாளெல்லாம் உட்கார்ந்திருக்கிறார்; மக்காச்சோளத்தோடு வருகிற ஆட்கள்தான் குறைவு. மக்கள் கையில் காசு வந்ததும் இன்னும் பத்துப் பேர் வருகிறார்கள். அவருக்குச் செலவு பெரிதாகக் கூடுவதில்லை, அதனால் அரவைக் கூலியை ஏற்றவும் தேவையில்லை. சும்மா கிடந்த திறன் வேலைக்கு வந்ததுதான் மிச்சம். ஏற்கெனவே முழு மூச்சாக ஓடுகிற பொருளாதாரத்தில் இதே பணத்தைக் கொட்டினால் விலைதான் ஏறும்.

பணக்கார நாடுகளில் கதை வேறு. ஃபின்லாந்து 2017, 2018 இரண்டு ஆண்டுகளும் வேலையில்லாத 2,000 பேருக்கு மாதம் 560 யூரோ கொடுத்தது. அங்கே பிரச்சினை, இருக்கிற உதவித்தொகை பிடுங்கப்படும் விதம். அப்போதைய விதிப்படி, சாதாரண வேலையின்மை உதவி வாங்குபவர் மாதம் 300 யூரோவுக்கு மேல் சம்பாதித்தால், கூடுதல் ஒவ்வொரு யூரோவுக்கும் உதவியில் அரை யூரோ வெட்டினார்கள். அதாவது வரி போடும் முன்பே பாதி போய்விட்டது. சோதனையில் இருந்தவர்களுக்கு 560 யூரோ வேலை கிடைத்தாலும் வெட்டப்படாது. அதனால் வேலைக்குப் போவார்களா என்பதுதான் கேள்வி. பதில் கொஞ்சம் சப்பென்றுதான் இருந்தது: இரண்டாம் ஆண்டில் மற்றவர்களைவிடச் சராசரியாக 6 நாள் கூடுதலாக வேலை பார்த்தார்கள், மனநிறைவு நன்றாகக் கூடியிருந்தது. அமெரிக்காவில் 1,000 பேருக்கு 3 ஆண்டுகள் மாதம் 1,000 டாலர் கொடுத்த ஆய்வில் உழைப்பு வாரத்துக்கு 1.3 மணிநேரம் குறைந்தது. எதிர்ப்பாளர்கள் இதைச் சுட்டிக்காட்டுவது நியாயம்தான். ஆனால் இரண்டுமே முடிவு தேதி குறித்த சோதனைகள். கென்யப் பாடத்தைப் படித்த பிறகு, 2, 3 ஆண்டுப் பணத்தை வைத்து வாழ்நாள் வருமானத்தை எடைபோட எனக்குத் தயக்கமாக இருக்கிறது.

இந்தச் சோதனைகள் எதுவுமே தொடாத பக்கம் ஒன்று உண்டு: பணம் எங்கிருந்து வரும்? கென்யாவில் அது வெளிநாட்டு நன்கொடை. அந்த ஊர்களில் யாரிடமும் வரி வாங்கிக் கொடுக்கவில்லை. இந்தியாவில் 140 கோடிப் பேருக்கு மாதம் 1,000 ரூபாய் என்று போட்டால் ஆண்டுக்கு 16.8 லட்சம் கோடி. 2024-25 மத்திய பட்ஜெட் செலவில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். வசதியானவருக்குக் கொடுப்பதை வரியாகத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்பார்கள் ஆதரவாளர்கள். வருமான வரி கட்டுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிற நாட்டில் அது நடக்கும், இங்கே கஷ்டம். அர்விந்த் சுப்ரமணியன் தலைமைப் பொருளாதார ஆலோசகராக இருந்தபோது வந்த 2016-17 பொருளாதார ஆய்வறிக்கை, ஆளுக்கு ஆண்டுக்கு 7,620 ரூபாயை முக்கால்வாசிப் பேருக்குக் கொடுக்க நாட்டின் மொத்த உற்பத்தியில் 4.9% ஆகும் என்று கணக்குப் போட்டது. அந்தக் கால்வாசிப் பேரை யார், எப்படிக் கழிப்பது? 1997இல் மத்திய அரசு ரேஷனை வறுமைக்கோட்டுக்கு மேலே, கீழே என்று பிரித்தபோது, பட்டியலில் இடம் கிடைக்காத ஏழைகள் நாடெங்கும் இருந்தார்கள். தமிழ்நாடு பிரிக்காமல் எல்லாருக்கும் என்றே வைத்துக்கொண்டது. அதைப் பார்த்து வளர்ந்தவன் என்பதால் எனக்கு 'எல்லாருக்கும்' பக்கம்தான் சாய்வு.

வாக்குறுதியை அரசுகளால் காப்பாற்ற முடிகிறதா என்பது தனிக் கதை. ஈரான் 2010 டிசம்பரில் எரிபொருள் மானியத்தை வெட்டி, அதற்கு ஈடாக ஆளுக்கு மாதம் 4,55,000 ரியால் போட்டது. மக்கள் வேலையை விட்டதாகத் தெரியவில்லை. ஆனால் 2012-13இல் பணவீக்கம் 30 சதவீதத்தைத் தாண்ட, தொகையோ அதே இடத்தில் நிற்க, அதன் மதிப்பு கரைந்துபோனது. அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலம் எண்ணெய் வருமானத்தில் சேர்த்த நிதியிலிருந்து 1982 முதல் அங்கே வசிப்பவர்களுக்கு ஆண்டுதோறும் பங்கு கொடுக்கிறது. 2016இல் எண்ணெய் விலை விழுந்து பட்ஜெட் துண்டு விழுந்தபோது, ஆளுநர் பில் வாக்கர் அந்த ஆண்டுப் பங்கைப் பாதியாக வெட்டினார். வழக்கு மாநில உச்ச நீதிமன்றம்வரை போனது. பங்கு தானாகக் கிடைத்துவிடாது, மற்ற செலவுகளைப் போல அதையும் ஆண்டுதோறும் பட்ஜெட்டில் ஒதுக்கித்தான் தர முடியும் என்று 2017இல் தீர்ப்பு வந்தது.