நாசி கண்டார்: காவடியில் வந்த சோறு

மலேசியாவின் பினாங்கில் எடுத்த சாப்பாட்டுக் கடைப் பலகையின் படத்தைக் காரைக்குடியில் ஆயாவிடம் (பாட்டியிடம்) காட்டினேன். எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு, "யாரு மூக்க யாரு கண்டா?" என்றார். பலகையில் இருந்தது அங்குள்ள ஒரு சாப்பாட்டின் பெயர்: நாசி கண்டார். தமிழாக வாசித்தால் அப்படித்தான் வரும்.

மலாய் மொழியில் நாசி என்றால் சோறு. நாம் நெல், அரிசி, சோறு என்று பிரிப்பதுபோல அவர்களும் பாடி, பெராஸ், நாசி என்பார்கள். அதனால் நாசியை 'அரிசி' என்று எழுதுவது பிழை.

கண்டார் என்பது தோளில் வைக்கும் சுமைதண்டு. பினாங்கில் தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் ஒரு முனையில் சோறும் மறுமுனையில் குழம்புமாகத் தொங்கவிட்டுத் துறைமுகத் தொழிலாளிகளிடம் விற்றார்கள். இப்போது தண்டு போய்விட்டது, கடையும் மேசையும் வந்துவிட்டன. பெயர் மட்டும் நின்றுவிட்டது.

அந்தத் தண்டுக்குத் தமிழில் பழைய பெயர் 'கா'. அப்படிச் சுமப்பது காவுதல். அதியமானின் வாயிற்காவலனிடம் கோபித்துக்கொண்டு கிளம்பும் ஔவையார் "காவினெம் கலனே" என்கிறார் (புறநானூறு 206). யாழ் முதலிய கலங்களைக் காவிக்கொண்டோம் என்று பொருள். அதே பாட்டு "எத்திசைச் செலினும் அத்திசைச் சோறே" என்று முடிகிறது. காவும் சோறும் ஒரே பாட்டில்! கடல் கடந்துபோய்ப் பிழைத்த செட்டிநாட்டுக்காரனுக்கு இந்த வரி கொஞ்சம் கூடுதலாகவே உறைக்கும்.

இந்தக் 'கா' இன்றும் காவடியில் இருக்கிறது. இடும்பன் இரண்டு மலைகளைக் கட்டித் தூக்கிய கதையிலும் அதே தண்டுதான். ஆகவே என் கணக்கில் நாசி கண்டார் என்பது காவடிச் சோறு. (முருகனின் 'கந்தர்' வேறு, இந்தக் 'கண்டார்' வேறு, ஒலியை வைத்து முடிச்சுப் போட வேண்டாம்.)

ஒரு சிக்கல் உண்டு. தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்குக் காவடி நடக்கும் ஊர்ப்பக்கத்தில், கோழிப் பொரியலும் கணவாயும் கிடக்கும் தட்டுக்கு இந்தப் பெயரை வைத்தால் முகம் சுளிப்பார்கள். விளக்கம் சொல்லக் காவடிச் சோறு. கடையில் கேட்க நாசி கண்டாரே போதும்.

கேட்கும்போது 'பஞ்சிர்' என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். பஞ்சிர் என்றால் வெள்ளம்; சோறு முங்க நாலைந்து குழம்பைக் கலந்து ஊற்றுவார்கள். காவடி விளக்கம் முழுவதையும் பேசாமல் கேட்ட ஆயா, இதைச் சொன்னதும்தான் நிமிர்ந்தார்.

"மீன் கொழம்பையும் கறிக் கொழம்பையும் ஒண்ணாவா ஊத்துனாங்க? நீயும் தின்னியா?"