பொசா நோவா ‘புதிய அலை’ அன்று

பிரேசில் நாட்டு இசையமைப்பாளர் அந்தோனியோ கார்லோஸ் ஜோபிமைப் பற்றித் தமிழில் நான் படித்த அறிமுகங்கள் பலவற்றில் ‘புதிய அலை இசையின் தந்தை’ என்னும் தொடர் தவறாமல் இடம்பெறுகிறது. பொசா நோவா என்ற பிரேசில் இசைவகையின் பெயருக்குச் செய்யப்பட்ட இந்த மொழிபெயர்ப்பு பிழையானது.

போர்த்துக்கீசிய மொழியில் ‘நோவா’ என்பது புதியதைக் குறிக்கும். ‘பொசா’ என்பதன் அடிப்படைப் பொருள் புடைப்பு, திமில். ரியோ டி ஜெனிரோவின் பேச்சுவழக்கில் அது ஒருவருக்குப் பிறவியிலேயே கைவந்த திறனைக் குறித்தது. பிரெஞ்சுக்காரர்களும் கணக்கில் வல்லவனைக் ‘கணக்குப் புடைப்பு உடையவன்’ என்பார்கள். மண்டையோட்டின் மேடுகளைத் தடவித் திறமையைக் கணித்த 19ஆம் நூற்றாண்டுக் கொள்கையின் எச்சம் அது. பிரேசிலின் தாளமும் ஆட்டமும் நிறைந்த சம்பா இசைக்குப் பாட்டெழுதிய கவிஞர் நோயெல் ரோசா 1930களின் தொடக்கத்திலேயே ‘பொசா’வைப் பாட்டில் வைத்துவிட்டார்.

இவற்றில் அலை எங்கே இருக்கிறது? போர்த்துக்கீசியத்தில் அலைக்கு ‘ஒந்தா’ என்று தனிச்சொல் உண்டு. ஆங்கிலக் குறிப்பொன்றில் கண்ட விளக்கத்தை மூலமொழி அகராதியைத் திறந்து பாராமல் தமிழாக்கியதன் விளைவே இந்தப் பிழை. ‘புதிய அலை’ என்பது 1950களின் இறுதியில் எழுந்த பிரெஞ்சுத் திரைப்பட இயக்கத்துக்குத் தமிழில் ஏற்கெனவே நிலைத்துவிட்ட பெயர். இரண்டும் ஏறத்தாழ ஒரே காலத்தவை என்பதால், ஒன்று மற்றொன்றின் கிளை என்று வாசகர் எண்ணிவிடுகிறார். 1967இல் ஜோபிம் வெளியிட்ட இசைத்தொகுப்பு ஒன்றின் தலைப்பே ‘வேவ்’, அதாவது அலை, என்பது குழப்பத்தை மேலும் கூட்டுகிறது. ஆனால் அது ஒரு தொகுப்பின் பெயரேயன்றி இசைவகையின் பெயரன்று.

பொருளும் பொருந்தவில்லை. அலை என்றதும் நம் மனத்தில் எழுவது திரண்டு வந்து மோதும் வேகம். ஜோபிம் இசையமைத்து, வினீசியஸ் ஜி மொராயிஸ் எழுதி, 1958இல் ஜொவாவ் ஜில்பெர்த்தோ பாடிய ‘ஷேகா ஜி சவுதாஜி’யைக் கேட்டவர்கள் அப்படி எண்ண மாட்டார்கள். கித்தாரில் கட்டைவிரல் சம்பா முரசின் அடியைத் தாங்க, மற்ற விரல்கள் தாளத்தின் இடைவெளிகளில் சுரங்களைக் கொத்தாக மீட்ட, குரல் காதருகே பேசுவதுபோல் தணிந்து வருகிறது. அதே ஆண்டு பதிவான ‘தெசாஃபினாதோ’வில், ஜோபிமும் நியூட்டன் மென்டொன்சாவும் இப்பெயரையே பாட்டுக்குள் வைத்தார்கள். சுருதி விலகிப் பாடுகிறாய் என்று காதலி குறைகூற, இது பொசா நோவா, இது மிக இயல்பானது என்று காதலன் மறுமொழி சொல்கிறான். அந்த இடத்தில் ‘இது புதிய அலை’ என்று வைத்துப் பாருங்கள், அவன் வாதமே சிதைந்துவிடும். தன் குறையாகக் கருதப்படுவது உண்மையில் தனக்கு வாய்த்த புதியதோர் இயல்பு என்றல்லவா அவன் சொல்கிறான்!

‘புதுப்பாணி’ என்பாரும் உளர். அது அலையைவிட மேலானது. எனினும், நம் இசையுலகில் பாணி என்பது குருவழியாகக் கற்று வருவது, பொசாவோ கற்பிக்க இயலாதது. ‘லாவகம்’ என்பதை வடசொல் வழி வந்தது என்பதற்காக நான் விலக்கவில்லை. அது பிறவிக்கூற்றைக் காட்டவில்லை என்பதே குறை. நான் முன்வைப்பது ‘புதுவாகு’. உடல்வாகு என்னும்போது பிறவியில் அமைந்த வடிவமும், கைவாகு என்னும்போது பழகிய கையின் எளிமையும் அச்சொல்லில் இருக்கின்றன. புடைப்பிலிருந்து திறனுக்கு நகர்ந்த பொசாவின் பொருள்வழிக்கு இதைவிட நெருங்கிய தமிழ்ச்சொல் எனக்குத் தெரியவில்லை. ஆயினும் இதை விளக்கமாகவே தர வேண்டும். சம்பாவைச் சம்பா என்றே எழுதும் நாம், இசைவகையின் பெயரைப் பொசா நோவா என்றே எழுதலாம். தமிழில் உயிர்களுக்கு இடைப்பட்ட சகரம் மூல ஒலியையே தருவதால் கிரந்த எழுத்துக்கும் தேவையில்லை.

ஆங்கிலத்தின் வழியே வரும் இத்தகைய பிழை இந்த ஒரு பெயரோடு நிற்கவில்லை. ‘ஷேகா ஜி சவுதாஜி’ என்ற தலைப்பைக்கூட அதன் ஆங்கிலப் பெயரைப் பார்த்துக் ‘கவலை வேண்டாம்’ என்று ஆக்கியிருந்ததைக் கண்டேன். சவுதாஜி என்பது கவலையன்று, பிரிந்ததை எண்ணி உருகும் ஏக்கம்; ‘ஏக்கம் போதும்’ என்று எழுதியிருந்தால் தலைப்பும் பிழைத்திருக்கும், பாட்டும் புரிந்திருக்கும்.