பிளேஜியரிசத்துக்கு 'கருத்துத் திருட்டு' சரியான சொல்லா?

"ஆய்வேட்டில் 10% வரை கருத்துத் திருட்டு அனுமதிக்கப்படும்." இந்த வரியைப் பயிலரங்கு ஸ்லைடுல பாத்தாச்சு, ஸ்காலர்ஸ் வாட்ஸப் குரூப்ல பாத்தாச்சு, இப்ப புதுசா சேர்ற பசங்களுக்குக் குடுக்கற கையேட்டுலயும் அச்சாகி வந்துருச்சு. திருட்டுல பத்து பர்சன்ட் யாரு அனுமதிப்பா? முதல் ஆர்டிகிள் எழுத உக்கார்ற ஒரு பொண்ணு இதைப் படிச்சா என்னன்னு புரிஞ்சுக்கும்? கொஞ்சமா எடுத்தா பரவால்ல, நிறைய எடுத்தாதான் தப்புன்னுதான். அந்தப் பொண்ணு மேல தப்பு இல்ல, பிளேஜியரிசத்துக்கு, அதாவது அடுத்தவங்க எழுத்தைத் தன்னோடதுன்னு காட்டறதுக்கு, நாம குடுத்த சொல்லு மேலதான் தப்பு.

பிளேஜியரிசம்ங்கிற இங்கிலீஷ் சொல்லோட பொறப்பைச் சுருக்கமா சொல்லிடறேன். லத்தீன்ல பிளேஜியாரியஸ்னா ஆள் கடத்தறவன், அடுத்தவன் அடிமையையோ குழந்தையையோ தூக்கிட்டுப் போறவன். கி.பி. முதல் நூற்றாண்டுல மார்ஷியல்ங்கிற ரோமானியக் கவிஞர், தான் எழுதுன கவிதைகளை அவனோடதுன்னு சொல்லிப் படிச்சுக்கிட்டுத் திரிஞ்ச ஒருத்தனை அந்தப் பேர் சொல்லித் திட்டுனாரு. அது 17ஆம் நூற்றாண்டு வாக்குல இங்கிலீஷுக்கு வந்து பிளேஜியரிசம் ஆச்சு. அவ்வளவுதான் கதை.

இப்ப தமிழுக்கு வருவோம். காப்பியடித்தல், இலக்கியத் திருட்டு, எழுத்துத் திருட்டு, அறிவுத் திருட்டுன்னு பல சொல் சுத்திக்கிட்டு இருக்கு, ஆனா எல்லாத்தையும் தாண்டி நின்னது 'கருத்துத் திருட்டு'தான். கேக்க நல்லா கம்பீரமா இருக்கு, மறுக்கல. ஆனா அதுல இருக்கற ரெண்டு பாதியுமே தப்புங்கிறது என் கட்சி.

முதல் பாதி, கருத்து. பிளேஜியரிசத்துல எடுக்கப்படறது கருத்து மட்டுமா? வாக்கியத்தை அப்படியே எடுக்கறாங்க, அட்டவணையை எடுக்கறாங்க, வரைபடம், போட்டோ, கள ஆய்வுல இன்னொருத்தர் வெயில்ல அலைஞ்சு சேத்த தரவு, ஏன், கட்டுரையோட அடுக்குமுறையைக் கூட எடுக்கறாங்க. 'கருத்துத் திருட்டு'ன்னு சொல்லிக் குடுத்துட்டோம்னா பசங்க ரொம்ப நியாயமா ஒரு வாதம் வைப்பாங்க: "சார், முன்னாய்வுப் பகுதில (முன்னாடி வந்த ஆய்வுகளைப் பத்திச் சொல்ற பகுதில) எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயத்தைத்தானே எழுதிருக்கேன், அவரோட கருத்து எதையும் எடுக்கலயே, வாக்கியம் மட்டும்தானே அவரோடது." இந்த வாதத்துக்கு அந்தச் சொல்லை வச்சுக்கிட்டு பதில் சொல்லவே முடியாது, ஏன்னா அந்தச் சொல்லு அவன் பக்கம் பேசுது.

கருத்து வேற, அதைச் சொன்ன சொல் வேற, ரெண்டுக்கும் தனித்தனியா மரியாதை உண்டுங்கிறது நமக்குப் புதுசும் இல்ல. 13ஆம் நூற்றாண்டு இலக்கண நூலான நன்னூல்ல பாயிரத்துலயே, அதாவது முன்னுரையிலயே, பவணந்தி முனிவர் "முன்னோர் மொழிபொருளே அன்றி அவர்மொழியும் பொன்னேபோல் போற்றுவம்"னு சொல்றாரு. முன்னோர் சொன்ன பொருளை மட்டும் இல்ல, அவங்க சொன்ன சொல்லையும் பொன் மாதிரி போற்றுவோம், அதைக் காட்டத்தான் பழைய சூத்திரத்தை அப்படியே எடுத்து வைக்கறோம்ங்கிறாரு. மேற்கோள் ஏன் குடுக்கணும்னு இதை விட நல்லா எந்தக் கையேடும் சொல்லல. பொருள், மொழி, ரெண்டு. 'கருத்துத் திருட்டு'ங்கிற சொல் இதுல ஒண்ணை மட்டும் புடிச்சுக்கிட்டு இன்னொண்ணை விட்டுடுது. அதே பாயிரத்துல சிறப்புப் பாயிரத்துக்கு எட்டு செய்தி வேணும்னு சொல்ற எடத்துல, ஆக்கியோன் பெயருக்கு அடுத்ததே 'வழி'தான், அதாவது இந்த நூல் எந்த நூலோட வழியில வந்ததுன்னு முதல்லயே சொல்லிடணும். தொல்காப்பியம் மொழிபெயர்ப்பைக் கூட வழிநூல் வகைகள்ல ஒண்ணா வச்சிருக்கு. இன்னிக்கு இங்கிலீஷ் ஆர்டிகிளைத் தமிழாக்கிப் பேர் சொல்லாம போட்டா சாஃப்ட்வேர் புடிக்காதுன்னு சில பேர் தைரியமா செய்யறாங்க பாருங்க, அவங்க வழியைச் சொல்லாம மறைக்கறாங்க.

ரெண்டாவது பாதி, திருட்டு. இதுதான் எனக்கு இன்னும் பெரிய பிரச்சனை. திருட்டுன்னா பொருளுக்குச் சொந்தக்காரர் ஒருத்தர் வேணும், அவர் சம்மதம் இல்லாம எடுத்திருக்கணும், எடுத்ததால அவருக்கு அது இல்லாம போயிருக்கணும். சம்மதிச்சுக் குடுத்தா அது திருட்டே இல்ல. இதைப் பிளேஜியரிசத்துல பொருத்திப் பாருங்க. ஒரு சீனியர் அக்கா தன்னோட தீசிஸ் ரெண்டாம் அத்தியாயத்தை வேர்டு ஃபைலாவே ஜூனியருக்கு அனுப்பி "எடுத்துக்கோடா தம்பி"ன்னு சொல்றாங்க. அவன் அதைத் தன் பேர்ல போடறான். கேட்டா "அக்காதான் குடுத்தாங்க, நான் திருடல"ங்கிறான். அவன் சொல்றது உண்மைதான், அவன் திருடல! ஆனா அது பிளேஜியரிசம். காசு குடுத்து எழுதி வாங்கறாங்களே, காலேஜ் பக்கத்து ஜெராக்ஸ் கடைகள்ல "புராஜெக்ட், தீசிஸ் செய்து தரப்படும்"னு போர்டு தொங்குதே, அங்க வாங்குனவன் யார்கிட்டயும் திருடல, வெலை குடுத்து வாங்கிருக்கான், எழுதுனவரும் சந்தோஷமா வித்திருக்காரு. அதுவும் தப்புதான். ஒரே கட்டுரையைத் தலைப்பு மாத்தி ரெண்டு ஜெர்னலுக்குப் புதுசுன்னு சொல்லி அனுப்பறாங்க, தன் பொருளைத் தானே எப்படித் திருடறது? 'சுயக் கருத்துத் திருட்டு'ன்னு ஒரு மொழிபெயர்ப்பு பாத்தேன், அதைத் தமிழ்னு எழுதுனவர் ஒரு தடவை வாய்விட்டுப் படிச்சுப் பாத்திருந்தா விட்டிருக்க மாட்டாரு.

இந்த மூணுலயும் பொதுவா இருக்கறது எடுத்தது இல்ல, காட்டுனது. தன்னோடது இல்லாததைத் தன்னோடதுன்னு காட்டறது, பழசைப் புதுசுன்னு காட்டறது. யூஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, 2018ல கொண்டு வந்த விதிமுறையில பிளேஜியரிசத்துக்குச் சொல்ற இலக்கணமும் இதுதான், அடுத்தவங்களோட படைப்பையோ கருத்தையோ எடுத்துத் தன்னோடதுன்னு காட்டற பழக்கம். படைப்புன்னு முதல்ல சொல்லி அப்புறம்தான் கருத்துன்னு சொல்லுது, திருட்டுங்கிற பேச்சே அந்த வரில இல்ல. அதைத் தமிழ்ப்படுத்துனவங்கதான் திருட்டைக் கொண்டு வந்து ஒட்டுனாங்க.

அப்ப என்ன சொல்லு வேணும்? தன்னுது இல்லாததைத் தன்னுதுன்னு காட்டறதுக்குத் தமிழ்ல அடைமொழி தயாரா இருக்கு, 'கள்ள'. கள்ள ஓட்டு போட்டவன் ஓட்டைத் திருடுனான்னு யாரும் சொல்றதில்ல, இன்னொருத்தரா வேஷம் போட்டு ஓட்டுப் போட்டான். கள்ள நோட்டு, கள்ளக் கணக்கு, கள்ளக் கையெழுத்து, எல்லாத்துலயும் குத்தம் என்னன்னா ஒண்ணை இன்னொண்ணா காட்டி ஏமாத்தறது. இதே அடைமொழியை நம்ம ஆளுங்க இதே குத்தத்துக்கு எப்பவோ போட்டுட்டாங்க. செய்யுள் வகைகளுக்கு இலக்கணம் சொல்ற பாட்டியல் நூல்கள்ல புலவர்களை வகை பிரிக்கறப்ப 'கள்ளக்கவி'ன்னு ஒரு வகை வரும். யாரு? பிறர் பாடுன பாட்டைத் தன் பாட்டுன்னு சொல்றவன். பக்கத்துலயே 'சார்த்துகவி'ன்னு இன்னொரு வகை, பிறர் பாட்டைச் சார்த்தித் தான் பாடறவன். ரெண்டையும் தனியா பிரிச்சு வச்சிருக்காங்க பாருங்க, சார்ந்து எழுதறது வேற, தன்னுதுன்னு சொல்றது வேற. சோரகவின்னும் சொல்றதுண்டு, ஆனா சோரம் யாருக்கு இப்ப புரியும், கள்ளம் எல்லாருக்கும் புரியும்.

அதனால நான் சொல்றது 'கள்ள எழுத்து'. கட்டுரையா இருந்தா கள்ளக்கட்டுரை, ஆய்வேடா இருந்தா கள்ள ஆய்வேடு. சீனியர் குடுத்தாலும் கள்ள எழுத்து, காசுக்கு வாங்குனாலும் கள்ள எழுத்து, தன் பழைய கட்டுரையைப் புதுசுன்னு காட்டுனாலும் கள்ள எழுத்து. கள்ளக் கையெழுத்தோட குழம்பிடாதான்னு ஒரு நண்பர் கேட்டாரு. கையெழுத்துங்கிறது ஒரே சொல்லா கெட்டிப்பட்டுப் போச்சு, 'கை' இல்லாம கள்ள எழுத்துன்னா அது தனியாத்தான் நிக்கும். ரொம்பக் கடுமையா இருக்குங்கிறாங்க, திருட்டை விடவா கடுமை? 'காப்பியடித்தல்' எனக்குப் பிடிச்ச சொல்தான், எல்லாருக்கும் வாய்ல வரும், ஆனா அது பரீட்சை ஹால்ல பக்கத்துப் பேப்பரைப் பாக்கறதோட நின்னுடுது, எழுத்து மாறாம எடுத்தாத்தான் காப்பின்னும் ஆகிடுது.

இந்த எழுத்து மாறாம விஷயத்தை ஒரு உதாரணத்தோட பாத்துடுவோம், ஏன்னா பசங்க மாட்டறது இங்கதான். ஒரு கட்டுரையில இப்படி ஒரு வரி இருக்குன்னு வச்சுக்குவோம்: "மேட்டூர் அணை 1934இல் கட்டி முடிக்கப்பட்ட பின் கடைமடை உழவர்கள் ஏரிகளைப் பராமரிப்பதைக் கைவிட்டு ஆற்று நீரையே நம்பத் தொடங்கினர்." நம்ம பையன் இதை "1934ஆம் ஆண்டு மேட்டூர் அணை கட்டப்பட்டதன் பின்னர், ஏரிப் பராமரிப்பை விட்டுவிட்டு ஆற்று நீரை நம்பும் நிலைக்குக் கடைமடை விவசாயிகள் வந்தனர்"னு மாத்தறான். உழவர் விவசாயி ஆயிட்டாரு, தொடங்கினர் போய் நிலைக்கு வந்தனர் ஆச்சு, சாஃப்ட்வேர்ல கலரும் வராம போகலாம். ஆனா இது ஒட்டுவேலை, கள்ள எழுத்துதான். 1934ங்கிறது பொதுத் தகவல், அதுக்கு யாருக்கும் கடன்பட வேண்டாம். உழவர்கள் ஏரியைக் கைவிட்டாங்கங்கிறது அந்த ஆய்வாளரோட முடிவு, அவர் பேர் அங்க வந்தே ஆகணும். "மேட்டூர் அணைதான் ஏரிகள் தூர்ந்ததுக்குக் காரணம்னு இன்னார் வாதிடறாரு, ஆனா அவர் எடுத்துக்கிட்டது கடைமடையை மட்டும்தான்"னு எழுதிட்டா பேரும் வந்துருச்சு, இவனோட சொந்த யோசனையும் வந்துருச்சு. ஆய்வுக்கட்டுரை எழுதக் கத்துக்கறதுன்னா பாதி வேலை இதுதான். பிறர் கொள்கையை ஏத்துக்கறது, மறுக்கறது, பிறர் நூல்ல குத்தம் காட்டறது, தன் கொள்கையை நிறுவறதுன்னு நன்னூல் எழுவகை மதம்னு (மதம்னா இங்க கொள்கை) அடுக்குதே, அது அப்படியே முன்னாய்வுப் பகுதிக்கான பாடம். பேரைச் சொல்லாம யாரை ஏத்துக்கறது, யாரை மறுக்கறது?

அந்தப் பத்து பர்சன்டுக்குத் திரும்புவோம். யூஜிசி விதியில அந்த நம்பர்கள் எல்லாமே ஒப்புமைக்கு, அதாவது எழுத்து ஒத்துப்போற அளவுக்கு. 10% வரைக்கும் தண்டனை இல்ல, அதுக்கு மேல 40% வரைக்கும் ஆறு மாசத்துக்குள்ள திருத்திக் குடுக்கணும், 60% வரைக்கும் போனா ஒரு வருஷம் ஆய்வேடு சமர்ப்பிக்க முடியாது, அதையும் தாண்டுனா பதிவே ரத்து. மேற்கோள், நூற்பட்டியல், நன்றியுரை, சட்ட வாசகம், சமன்பாடு இதெல்லாம் கணக்குல வராது, தற்செயலா தொடர்ந்து 14 சொல் வரைக்கும் ஒத்துப்போனாலும் விட்டுடலாம். ஆனா ஆய்வுச் சுருக்கம், கருதுகோள், முடிவு மாதிரி பகுதிகள்ல ஒப்புமையே இருக்கக் கூடாதுன்னும் அங்கயே சொல்லிருக்கு. இதுல எங்கயாவது பத்து பர்சன்ட் திருடலாம்னு இருக்கா? சாஃப்ட்வேருக்குக் கருத்து தெரியாது, கள்ளமும் தெரியாது, சரம் சரமா எழுத்தை ஒப்பிட்டுப் பாக்கும், அவ்வளவுதான். குறளை முறையா மேற்கோள் குடுத்து எழுதுன தமிழ் ஆய்வேட்டுல, மேற்கோளை விலக்கற செட்டிங் போடலன்னா பக்கம் பக்கமா கலர் அடிச்சு வரும். முழுக்க முழுக்க இங்கிலீஷ்ல இருந்து மொழிபெயர்த்துப் பேர் மறைச்ச ஆய்வேடு சுத்தமா வெளிய வந்துரும். ஒப்புமை அறிக்கையை 'திருட்டு அறிக்கை'ன்னு மொழிபெயர்க்கறவங்க, ஒழுங்கா மேற்கோள் காட்டுனவனைத் திருடனாக்கி மறைச்சவனுக்கு நல்லவன்னு சர்டிஃபிகேட் குடுக்கறாங்க. மெஷின் குடுக்கறது ஒப்புமை, அதைப் படிச்சுப் பாத்துக் கள்ள எழுத்தா இல்லயான்னு தீர்ப்பு சொல்ல வேண்டியது கைடு, துறைக்குழு, ஜெர்னலோட ஆசிரியர். ரெண்டுக்கும் ரெண்டு சொல் இருந்தாத்தான் இந்த வித்தியாசமே மாணவர் மனசுல ஏறும்.

நம்ம கலைச்சொல் ஆட்கள் கிட்ட எனக்குத் தீராத மனக்குறை இது. விதிமுறையை முழுசா படிக்காம, அந்தச் சொல் எங்க எந்த வேலையைச் செய்யுதுன்னு பாக்காம, இங்கிலீஷ் அகராதில முதல் வரியைப் பாத்து ரெண்டு தமிழ்ச்சொல்லை ஒட்டிடறாங்க. அப்புறம் அதைக் கையேடு எடுத்துக்குது, கையேட்டைப் பாத்து செய்தித்தாள் எழுதுது, செய்தித்தாளைப் பாத்து அடுத்த கையேடு வருது. ஒருத்தராவது நடுவுல நிறுத்தி, சம்மதம் வாங்கி எடுத்தா இந்தச் சொல் பொருந்துமான்னு கேட்டிருந்தா இது நின்னிருக்காது. தனித்தமிழா இருக்குங்கிறதுக்காக ஒரு சொல்லை நான் ஏத்துக்க மாட்டேன், அது கத்துக்கறவனுக்குத் தப்பை விளக்கணும். கள்ள எழுத்து தமிழாவும் இருக்கு, விளக்கவும் செய்யுது.

இப்ப ஏஐ வந்த பெறகு இந்தச் சண்டை இன்னும் அவசரமாயிருச்சு. சாட்ஜிபிடி எழுதுன பத்தியைத் தன் பேர்ல போட்டா யார்கிட்ட திருடுனதா சொல்றது? குறிப்பிட்டு ஒரு சொந்தக்காரரைக் காட்ட முடியாது, ஒப்புமை அறிக்கைலயும் பெரும்பாலும் ஒண்ணும் தெரியாது. 'கருத்துத் திருட்டு'ங்கிற சொல்லை வச்சுக்கிட்டு மாணவர்கிட்ட இது ஏன் தப்புன்னு பேச ஆரம்பிக்கவே முடியல. வெளிநாட்டு ஜெர்னல்கள் பலதும் ஏஐயை எங்க எதுக்குப் பயன்படுத்துனீங்கன்னு வெளிப்படையா எழுதச் சொல்றாங்க, ஏஐயை ஆசிரியரா போடக் கூடாதுங்கிறாங்க. சொல்லிட்டுப் பயன்படுத்துனா அது கருவி, சொல்லாம தன் எழுத்துன்னு காட்டுனா கள்ள எழுத்து. அடுத்த பதிப்புக் கையேடு தயாரிக்கறவங்க முதல் எடத்துல 'பிளேஜியரிசம் எனப்படும் கள்ள எழுத்து'ன்னு ஒரு தடவை போட்டுட்டு, பர்சன்டேஜ் வர்ற எடத்துல எல்லாம் 'ஒப்புமை'ன்னு மாத்திடுங்க. அந்த 10% வரி "10% வரையிலான ஒப்புமைக்குத் தண்டனை இல்லை"ன்னு ஆகும், விதியும் அதைத்தான் சொல்லுது.