கம்பைலருக்குள் ஒரு கூழ் நிலை

ஜூன் மாதம் காவேரிப்பட்டணம் பக்கம் வந்து பாருங்கள். மாங்கூழ் தொழிற்சாலைகளின் வாசலில் டிராக்டரும் மினி லாரியும் வரிசை கட்டி நிற்கும். பெரும்பாலும் பெங்களூரா; கிளிமூக்கு மாங்காய் என்று சொல்வோமே, அதுதான். அல்போன்சாவும் வரும். உள்ளே போவது பல தோட்டத்துக் காய், பல அளவு. வெளியே வருவது டின்னிலும் டிரம்மிலும் அடைத்த கூழ். வாங்குகிறவர் அதில் ஜூஸ் போடலாம், ஜாம் காய்ச்சலாம், ஐஸ்கிரீமில் சேர்க்கலாம். ஜூஸ் போடுகிறவருக்குக் கொட்டை நீக்கத் தெரிய வேண்டியதில்லை. தோட்டக்காரருக்குப் பாட்டில் மூடியைப் பற்றிக் கவலையில்லை.

கம்பைலருக்குள்ளும் இப்படி ஒரு கூழ் நிலை உண்டு. நாம் எழுதும் நிரலை எந்திரத்துக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றுவது கம்பைலர். பாடப்புத்தகத்தில் தொகுப்பி என்று இருக்கும். அது ஒரே தாவில் மாற்றுவதில்லை. முதலில் நிரலை ஓர் இடைவடிவத்துக்குக் கொண்டுவருகிறது, அதைச் செதுக்குகிறது, பிறகு எந்திரத்தை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குகிறது. ஒவ்வொரு முறை நிரல் முழுவதையும் ஒரு கை பார்த்து மாற்றும் வேலைக்குப் பாஸ் என்று பெயர். மேல்வடிவத்தைக் கீழ்வடிவமாக்கும் பாஸ், இறக்கும் பாஸ்.

ஏன் இந்தச் சுற்றுவழி? கணக்குப் போட்டால் தெரியும். 4 மொழிகள், 5 வகைப் பிராசசர்கள் என்றால் நேரடியாக மாற்ற 20 கம்பைலர்கள் வேண்டும். நடுவில் ஒரு பொதுவடிவம் இருந்தால் 4 முன்பகுதியும் 5 பின்பகுதியும் போதும், மொத்தம் 9. இந்த யோசனை 1958-லேயே அன்கால் என்ற பெயரில் முன்வைக்கப்பட்டது. எல்லா மொழிக்கும் எல்லா எந்திரத்துக்கும் ஒரே நடுவடிவம் என்ற அந்தப் பெரிய கனவு முழுமையாக நிறைவேறவில்லை. ஆனால் 2000-ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கிறிஸ் லாட்னரும் விக்ரம் ஆத்வேயும் தொடங்கிய எல்எல்விஎம் என்ற கம்பைலர் திட்டம் அதற்கு வெகு அருகில் வந்துவிட்டது. சி, சி++, ரஸ்ட், ஸ்விஃப்ட், ஜூலியா என்று இன்று பல மொழிகள் அதன் இடைவடிவத்தின் வழியாகத்தான் எந்திரத்துக்கு இறங்குகின்றன.

சரி, அந்த வடிவம் பார்க்க எப்படி இருக்கும்? எடைமேடைச் சீட்டையே எடுத்துக்கொள்வோம். வண்டியைச் சரக்கோடு ஒருமுறை நிறுத்துகிறோம், இறக்கிய பிறகு காலியாக ஒருமுறை. நிரலில் ஒரே வரி:

தொகை = (மொத்தம் − காலி) × விலை

மனிதர் படிக்க இது வசதி. கம்பைலருக்கு அடைப்புக்குறியே தொல்லை. எனவே ஒரு வரிக்கு ஒரு வேலை என்று பிரித்துக்கொள்கிறது:

த1 = கழி மொத்தம், காலி
த2 = பெருக்கு த1, விலை
திருப்பு த2

த1, த2 என்று எத்தனை பெயர் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், இங்கே பஞ்சமில்லை. பஞ்சம் கீழே எந்திரத்தில்தான். நம் மேசைக் கணினிகளில் இருக்கும் 64 பிட் இன்டெல் வகைப் பிராசசரில் பொது ரெஜிஸ்டர்கள், அதாவது கணக்குப் போடும்போது மதிப்பை வைத்துக்கொள்ளப் பிராசசருக்குள்ளேயே இருக்கும் சிறு இடங்கள், மொத்தமே 16. ஆயிரம் பெயர்களை அந்தப் பதினாறுக்குள் அடக்குவது கடைசிக் கட்ட வேலை. அந்தக் கவலையை மேலே கொண்டுவராமல் இருப்பதுதான் இடைவடிவத்தின் சுகம்.

காவேரிப்பட்டணத்தில் எங்கள் வீட்டு மாடியில் ஞாயிற்றுக்கிழமைதோறும் நான்கு கல்லூரி மாணவர்களோடு உட்கார்ந்து ஒரு சின்னக் கம்பைலர் எழுதிவருகிறேன். தமிழ்ச் சொற்களால் ஆன மிகச் சிறிய மொழி. இதே வேலையைச் சில ஆண்டுகளுக்கு முன் தனியாக முயன்று பாதியில் விட்டவன் நான். அப்போது இடைவடிவத்தை முதலிலேயே முழுசாக வடிவமைத்துவிட வேண்டும் என்று நினைத்தேன். பட்டியல், எழுத்துச்சரம், சார்பு, பிழை கையாளுதல் என்று வரப்போகும் அத்தனைக்கும் முன்கூட்டியே கட்டளைகள் வரைந்தேன். இரண்டு மாதம் போயிற்று. திரையில் ஓர் எண்கூட வரவில்லை. வரைந்தவற்றில் பாதி தேவைப்படவே போவதில்லை என்பதும், தேவையான சில அதில் இல்லை என்பதும், கீழே இறக்கும் பாஸை எழுத உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது.

இந்த முறை வேறு வழியில் போனோம். 2006-ல் அப்துல்அஜீஸ் குலூம் என்ற ஆய்வாளர் கம்பைலர் கட்டுவதற்கு ஒரு படிமுறையைச் சொல்லியிருந்தார். முதல் நாள் கம்பைலருக்கு ஒரு முழு எண்ணை மட்டும் மாற்றத் தெரிந்தால் போதும். ஆனால் அது முழுக் கம்பைலராக இருக்க வேண்டும்: நிரலை வாங்கி, எந்திரக் கட்டளையாக்கி, ஓட்டினால் அந்த எண் வர வேண்டும். அடுத்த படியில் கூட்டல். அதற்கடுத்து மாறிகள், பிறகு நிபந்தனை. எந்தப் படியில் நிறுத்தினாலும் கையில் இருப்பது ஓடுகிற கம்பைலர்.

நாங்கள் முதல் ஞாயிறன்று '7' என்று ஒரு நிரல் எழுதினோம். இடைவடிவத்தில் ஒரே ஒரு கட்டளை: திருப்பு 7. அது பாஸ்களைத் தாண்டி இறங்கி, திரையில் 7 என்று வந்தபோது மாடியில் எழுந்த சத்தத்துக்குக் கீழ்வீட்டிலிருந்து ஆள் வந்து என்ன ஆச்சு என்று கேட்டார்கள்.

இப்படிப் போவதில் ஒரு பெரிய லாபம் உண்டு. இடைவடிவத்தில் ஒரு புதுக் கட்டளை சேர்ந்தால், அதை உண்டாக்குகிற இடமும் இறக்குகிற இடமும் அன்றைக்கே எழுதப்படுகின்றன. மேலே தேவை, கீழே சாத்தியம் இரண்டும் ஒரே நாளில் முகம் பார்த்துக்கொள்வதால் ஒப்புக்கு ஒரு கட்டளைகூட உள்ளே தங்காது.

நிபந்தனை வந்தபோதுதான் இடைவடிவத்தின் முக்கியமான வழக்கம் ஒன்றைக் கற்றோம். ஒரு பெயருக்கு ஒரே முறைதான் மதிப்புக் கொடுக்கலாம். 1980-களின் பிற்பகுதியில் ஐபிஎம் ஆய்வாளர்கள் உருவாக்கிய இந்த முறைக்கு எஸ்எஸ்ஏ என்று பெயர். நிகர எடை 5 டன்னுக்கு மேல் போனால் கிலோவுக்கு ஒரு ரூபாய் கூடுதல் என்று வைத்துக்கொள்வோம்:

விலை1 = 12
நிகரம் > 5000 எனில்: விலை2 = கூட்டு விலை1, 1
விலை3 = ஃபை(விலை1, விலை2)

கடைசி வரியில் இருக்கும் ஃபை, இரண்டு பாதைகள் சேரும் இடத்தில் நிற்கிறது. எந்தப் பாதையில் வந்தாயோ அந்தப் பாதையின் விலையை எடுத்துக்கொள் என்கிறது. விலை1 என்று எங்கே பார்த்தாலும் அது 12 என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். நடுவில் யாராவது மாற்றியிருப்பார்களோ என்று தேட வேண்டாம். செதுக்கும் பாஸ்கள் இந்த நிச்சயத்தின் மேல்தான் நிற்கின்றன.

ஆனால் எந்தப் பிராசசரிலும் ஃபை என்று ஒரு கட்டளை கிடையாது. எனவே இறக்கும்போது அதை எடுத்துவிட்டு, ஒவ்வொரு பாதையின் முடிவிலும் ஒரு நகலெடுப்பை வைக்கிறோம். பத்துப் பன்னிரண்டு வரியில் அந்தப் பாஸை எழுதி முடித்தோம். எல்லாச் சோதனையும் சரியாக வந்தது. அப்புறம் மூன்று வாரம் கழித்து வந்த சிக்கல்தான் எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த பாடம்.

சோதனைக்கு எழுதிய நிரல் இது. இரண்டு கூழ்த் தொட்டிகள். அ-வில் 300 லிட்டர், ஆ-வில் 700. ஒவ்வொரு ஷிப்டிலும் இரண்டின் அளவையும் இடம் மாற்ற வேண்டும். மூன்று ஷிப்ட் முடிந்தால் அ-வில் 700, ஆ-வில் 300 இருக்க வேண்டும்.

3 முறை:
 த = அ
 அ = ஆ
 ஆ = த

நெடுநாளாகச் சரியாக ஓடியது. அந்த ஞாயிறன்று வெறும் நகல்களைத் துடைக்கும் ஒரு பாஸைச் சேர்த்தோம். 'த1 = அ1' என்று ஒரு வரி இருந்தால், த1 வரும் இடத்திலெல்லாம் அ1-ஐயே போட்டுவிட்டு அந்த வரியை நீக்கும் எளிய பாஸ். சேர்த்ததும் விடை 700, 700 என்று வந்தது. புதுப் பாஸில்தான் தவறு என்று இரண்டு மணி நேரம் அதையே புரட்டினோம். "அண்ணா, இந்தப் பாஸ் சரியாத்தான் இருக்கு, நான் ஒவ்வொரு வரியா கையில போட்டுப் பாத்துட்டேன்" என்றாள் அதை எழுதிய மாணவி. அவள் சொன்னது உண்மை.

ஒவ்வொரு பாஸுக்குப் பின்னும் இடைவடிவத்தை அச்சடித்துத் தரையில் வரிசையாகப் பரப்பினோம். நகல் துடைப்பதற்கு முன் சுழற்சியின் தலையில் இப்படி இருந்தது (அ0, ஆ0 தொடக்க மதிப்புகள்; அ2, ஆ2 முந்தைய சுற்றின் முடிவில் கிடைத்தவை):

அ1 = ஃபை(அ0, அ2)
ஆ1 = ஃபை(ஆ0, ஆ2)

துடைத்த பின்:

அ1 = ஃபை(அ0, ஆ1)
ஆ1 = ஃபை(ஆ0, அ1)

இரண்டும் சரியே. அடுத்தடுத்து எழுதப்பட்ட ஃபைகள் எல்லாம் ஒரே கணத்தில் நடப்பதாகப் பொருள். பழைய அ1, பழைய ஆ1 இரண்டையும் ஒருசேரப் படித்து இடம் மாற்றுகின்றன. ஆனால் எங்கள் இறக்கும் பாஸ் அதை ஒன்றன்பின் ஒன்றாக எழுதிவிட்டது:

அ1 = ஆ1
ஆ1 = அ1

முதல் வரியிலேயே 300 அழிந்துபோகிறது. இரண்டாம் வரி 700-ஐ 700-க்கே கொடுக்கிறது. ஒரு சொம்பில் பால், இன்னொன்றில் மோர் இருந்தால் மூன்றாவது பாத்திரம் இல்லாமல் எப்படி இடம் மாற்றுவது?

தவறு மூன்று வாரமாக அங்கேயே இருந்திருக்கிறது. நகல் துடைக்கும் பாஸ் வரும்வரை அ2, ஆ2 என்ற தனிப் பெயர்கள் நடுவில் நின்று அதை மறைத்துக்கொண்டிருந்தன. கம்பைலர் எழுதுகிறவர்களுக்கு இது பழகிய சிக்கல். பிரிக்ஸ், கூப்பர் முதலியோர் 1998-ல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் இந்த இடமாற்றச் சிக்கலை விளக்கியிருக்கிறார்கள். தீர்வும் கடினமில்லை. எந்தப் பெயரின் பழைய மதிப்பு இனி யாருக்கும் தேவையில்லையோ அதன் மேல் முதலில் எழுத வேண்டும். அப்படி எழுதிக்கொண்டே வந்து கடைசியில் மிஞ்சுபவை வட்டமாக ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருப்பவை. ஒவ்வொரு வட்டத்துக்கும் ஒரே ஒரு தற்காலிகப் பெயர் போதும்:

த9 = அ1
அ1 = ஆ1
ஆ1 = த9

எங்களிடம் ஏற்கெனவே ஒரு சரிபார்ப்பான் இருந்தது. பெயர்கள் பயன்படுத்தும் முன் மதிப்புப் பெற்றிருக்கின்றனவா, தாவும் இடங்கள் இருக்கின்றனவா என்று ஒவ்வொரு பாஸுக்குப் பின்னும் பார்க்கும். அது இந்தத் தவறைப் பிடிக்கவில்லை, பிடிக்கவும் முடியாது. சொல்லில் குற்றமில்லை, பொருளில்தான் குற்றம். எனவே இடைவடிவத்தையே நேரடியாக ஓட்டிப் பார்க்கும் ஒரு சிறு இயக்கியை எழுதினோம். இப்போது ஒவ்வொரு பாஸுக்குப் பின்னும் நிரல் ஒருமுறை ஓடும். விடை எந்தப் பாஸுக்குப் பிறகு மாறுகிறதோ அங்கே நின்றுவிடும். எல்எல்விஎம்மிலும் செதுக்கும் பாஸ்களை இத்தனையாவது வரை மட்டும் ஓட்டு என்று எண் கொடுத்து நிறுத்தித் தேடும் வசதி இருக்கிறது. பெரிய கம்பைலர்களுக்கும் இந்த வைத்தியம் தேவைப்படுகிறது என்பதில் வியப்பில்லை: யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சீஸ்மித் என்ற கருவியால் தாறுமாறான சி நிரல்களை உருவாக்கி, பல கம்பைலர்களில் ஓட்டி, விடைகளை ஒப்பிட்டு 325-க்கும் மேற்பட்ட பிழைகளைக் கண்டுபிடித்ததாக 2011-ல் அறிவித்தார்கள்.

இனி நாங்கள் இப்போது நிற்கும் இடத்துக்கு வருகிறேன். மொழியில் பட்டியல் சேர்க்க வேண்டும். 'எடை[3]' என்ற ஒன்றை இறக்கினால், எடை தொடங்கும் முகவரியோடு 3 × 8-ஐக் கூட்டி (ஓர் உறுப்புக்கு 8 பைட்), அங்கே இருப்பதைப் படி என்று ஆகிவிடும். அதன்பின் அது வெறும் கூட்டல்தான். எடை என்ற பட்டியலில் எத்தனை உறுப்புகள், இது வேறொரு பட்டியலோடு மோதுமா என்ற செய்திகள் எல்லாம் போய்விடும். கூழாக்கிய பிறகு எந்தத் தோட்டத்துக் காய் என்று கேட்க முடியாதல்லவா, அதுபோல. எல்லை தாண்டுகிறோமா என்ற சோதனையை எங்கெங்கே தவிர்க்கலாம் என்று யோசிப்பதென்றால், இறக்குவதற்கு முன்பே யோசித்தாக வேண்டும்.

அதனால்தான் பெரிய கம்பைலர்கள் ஒரே இடைவடிவத்தோடு நிற்பதில்லை. ரஸ்ட் மொழியில் நிரலின் ஒரு பகுதி இன்னொன்றின் மதிப்பைக் கடன் வாங்கிப் பயன்படுத்தலாம். அப்படிக் கடன் வாங்கிய மதிப்புகள் சரியாகத் திரும்பினவா என்ற சோதனை முதலில் மேல்வடிவத்தில்தான் நடந்தது. அங்கே நிரலின் ஓட்டம் தெளிவாகத் தெரியாததால் நியாயமான நிரல்களைக்கூட அது மறுத்தது. எல்எல்விஎம் வடிவத்திலோ அந்தச் செய்தியே இருக்காது. நடுவில் மிர் என்று ஒரு வடிவத்தைப் புகுத்தி, சோதனையை அங்கே மாற்றினார்கள். 2018 டிசம்பரில் அது மக்கள் கைக்கு வந்தது. 2019-ல் கூகுளிலிருந்து வந்த எம்எல்ஐஆர் இன்னும் ஒரு படி மேலே போய், எத்தனை நிலை வேண்டுமோ அத்தனையையும் ஒரே கூரையின் கீழ் வைத்துக்கொள்ள வழி செய்தது. ஓடிக்கொண்டிருக்கும் கம்பைலரின் நடுவில் ஒரு புது நிலையை நுழைப்பது, ஓடுகிற வண்டிக்கு அச்சு மாற்றுவதைப் போன்ற வேலை. ஒவ்வொரு பாஸும் தனித்தனியே சோதிக்கப்பட்டிருந்தால்தான் அதைத் தைரியமாகச் செய்ய முடியும்.

நாங்களும் இரண்டாவது நிலை ஒன்றைச் சேர்க்க முடிவு செய்திருக்கிறோம். மேல் நிலையில் 'எடை[3]' அப்படியே இருக்கும். கீழ் நிலையில் முகவரிக் கணக்கு. வருகிற ஞாயிறன்று எழுதப்போகும் முதல் நிரலில் ஒரே ஓர் உறுப்புள்ள பட்டியல்தான், உள்ளே 300. அதன் 0-ஆம் இடத்தைப் படித்துத் திருப்ப வேண்டும். சுழற்சி இல்லை, மாறும் எண் இல்லை, எல்லைச் சோதனை நீக்கமும் இல்லை. இரண்டு நிலைகளையும் கடந்து திரையில் 300 வந்தால் அதற்கடுத்த ஞாயிறு இரண்டாம் உறுப்பு.