ஷேர் ஓபன் ஆகலன்னா பாஸ்வேர்டத் தூக்கிடாதீங்க

இந்த மாசத்துல இது மூணாவது எடம். போன வாரம் காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு மாங்கூழ் ஃபேக்டரில இருந்து காலைல ஆறரைக்கு போன், "அண்ணா, ஃபைல் எதுவுமே ஓபன் ஆகல, பேரெல்லாம் மாறிக் கெடக்கு"ன்னு. சீசன் நேரம், வெளிய பெங்களூரா மாங்கா லோடு வரிசையா நிக்குது, உள்ள அக்கவுண்ட்ஸ் பாக்குற அக்கா மானிட்டரக் காட்டுறாங்க, ஒவ்வொரு பில்லோட பேருக்குப் பின்னாடியும் புரியாத ஆறேழு எழுத்து ஒட்டியிருக்கு, ஃபோல்டருக்கு ஃபோல்டர் பணம் கேட்டு ஒரு நோட்பேட் ஃபைல் வேற.

ரான்சம்வேர், அதாவது ஃபைலையெல்லாம் பூட்டி வெச்சுட்டு பணம் கேக்குற வைரஸ். எடைமேடை கம்ப்யூட்டர்ல மெயில்ல வந்த எதையோ திறந்திருக்காங்க. அந்த ஒரு கம்ப்யூட்டரோட நின்னிருக்க வேண்டியது, உபுண்டு (லினக்ஸ்) சர்வர்ல எல்லாரும் பொதுவா திறக்குற ஃபோல்டர், அதாவது ஷேர், மொத்தத்தையும் சாப்பிட்டுருச்சு, ஏன்னா ஷேருக்கு பாஸ்வேர்டே கிடையாது, யாரு வேணா எழுதலாம், யாரு வேணா அழிக்கலாம். ஏம்மா இப்படின்னு கேட்டா, "மேக்கு, விண்டோஸு, லினக்ஸு மூணும் ஒண்ணா இருந்தா பாஸ்வேர்டு ஒத்து வராதாம்ணா, எடுத்துட்டாதான் ஓபன் ஆகும்னாங்க"ங்கறாங்க.

இதக் கேட்டுக் கேட்டு அலுத்துப் போச்சுங்க. ஒத்து வராதுன்னு யாருங்க சொன்னது? நெட்வொர்க்ல ஃபைல் பகிர மூணுமே பேசுற பாஷை எஸ்எம்பி தான். லினக்ஸ்காரங்களுக்கு அதப் பேச வெக்குற சம்பாங்கற சாஃப்ட்வேர் 1992ல இருந்து இருக்கு. யூசர்நேம் பாஸ்வேர்டு சரியா குடுத்தா மூணுலயும் தொறக்கும், தொறக்கலன்னா பெரும்பாலும் குடுத்தது தப்புன்னு அர்த்தம், ஓஎஸ் வேறங்கறதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல.

எங்க தப்பாகுதுன்னு சொல்றேன். மொத விஷயம் பின் நம்பர். விண்டோஸ்ல தினமும் நாலு நம்பர் போட்டு உள்ள போறீங்கல்ல, அது பாஸ்வேர்டு இல்ல. அந்த நம்பர் அந்த கம்ப்யூட்டருக்கு முன்னாடி உக்காந்தா மட்டும்தான் செல்லும். மேக்ல இருந்து அந்த விண்டோஸ் ஷேர திறக்கும்போது அதே நாலு நம்பர அடிச்சா நூறு தடவ அடிச்சாலும் உள்ள விடாது. ரெண்டாவது, உபுண்டுல லாகின் பாஸ்வேர்டு வேற, சம்பா பாஸ்வேர்டு வேற. smbpasswdங்கற கமாண்ட் போட்டு தனியா வெக்கணும். மூணாவது, விண்டோஸ் பழைய தப்பான பாஸ்வேர்ட கிரெடென்ஷியல் மேனேஜர்ல பத்திரமா வெச்சுக்கிட்டு அதையே திரும்பத் திரும்ப அனுப்பும், அத அழிச்சுட்டு ரீஸ்டார்ட் பண்ணுங்க.

இப்ப புதுசா ஒண்ணு. விண்டோஸ் 11 ப்ரோல 24ஹெச்2 அப்டேட் வந்ததும் நேத்து வரைக்கும் ஓபன் ஆன ஷேர் இன்னிக்கு ஆகாது, "உங்க ஆர்கனைசேஷனோட செக்யூரிட்டி பாலிசி தடுக்குது"ன்னு மெசேஜ் வரும். "எங்க கடைல ஆர்கனைசேஷன் ஏது சார், நாலே பேரு"ன்னு எல்லாரும் பதறுறாங்க. யாரும் தடுக்கலங்க. பாஸ்வேர்டு இல்லாத கெஸ்ட் ஷேருக்குள்ள இனிமே போகமாட்டேன்னு விண்டோஸ் சொல்லுது, அவ்வளவுதான். ஷேருக்கு ஒரு யூசர் போட்டா ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சுது. அத விட்டுட்டு வீடியோ பாத்து ரெஜிஸ்ட்ரில கைய வெச்சு கெஸ்ட்ட திரும்ப ஆன் பண்றாங்க.

அதவிட மோசம் எஸ்எம்பியோட பழைய வெர்ஷனான எஸ்எம்பி 1 ஆன் பண்றது. 2017 மே மாசம் வானாக்ரைங்கற ரான்சம்வேர் உலகம் பூரா பரவுனது அதுல இருந்த ஓட்டை வழியாதான், அதுக்கான பேட்ச் மார்ச்லயே வந்துருச்சு, போடாதவங்க மாட்டுனாங்க. அந்த வருஷக் கடைசில இருந்தே விண்டோஸ் 10ல இருந்து எஸ்எம்பி 1ஐ படிப்படியா எடுக்க ஆரம்பிச்சுட்டாங்க. உங்க பழைய நாஸ் பெட்டிக்கு (நெட்வொர்க்ல மாட்டுற ஸ்டோரேஜ்) அது இல்லாம முடியாதுன்னா ஃபர்ம்வேர் அப்டேட் இருக்கா பாருங்க, இல்லன்னா பெட்டிய மாத்துங்க. பெட்டிக்காக ஆபீஸையே திறந்து வெக்காதீங்க.

பாஸ்வேர்டு மட்டும் போதாது, அதையும் சொல்லிடறேன். எடைமேடை கம்ப்யூட்டருக்கு அக்கவுண்ட்ஸ் ஃபோல்டர்ல என்ன வேலை? ஆளுக்கு ஒரு யூசர், யாருக்கு எந்த ஃபோல்டரோ அது மட்டும், பாக்க மட்டும் வேண்டியவங்களுக்கு ரீட் ஒன்லி. வீட்ல இருந்து பாக்கணும்னு ரவுட்டர்ல எஸ்எம்பியோட 445 போர்ட்ட திறக்கவே திறக்காதீங்க, விபிஎன் போடுங்க. மேக்ல ஃபைல் பேருக்கு நடுவுல கேள்விக்குறி போடாதீங்க, விண்டோஸ்ல அந்தப் பேரு சிதைஞ்சு வரும், அப்புறம் ஃபைலக் காணோம்னு எனக்கு போன் வரும். ஷேர்ல விண்டோஸ்ல இருந்து அழிச்சது ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது, போனா போனதுதான், சம்பால ரீசைக்கிள் மாட்யூல் இருக்கு, சர்வர் போடுறவங்கள அத போடச் சொல்லுங்க.

ஃபேக்டரில மார்ச் மாசம் எடுத்த ஒரு ஹார்ட் டிஸ்க் பீரோல தனியா கெடந்துச்சு, அது வரைக்கும் மீட்டுட்டோம். ஏப்ரல்ல இருந்து போட்ட பில்லெல்லாம் அந்த அக்கா பேப்பர் காப்பிய வெச்சு ஒவ்வொண்ணா திரும்ப அடிச்சுக்கிட்டு இருக்காங்க. தயவு செஞ்சு இந்த வாரமே ஒரு டிஸ்க் வாங்கி காப்பி எடுத்துட்டு, கேபிளக் கழட்டி வெச்சுடுங்க.